சூப்புக்கு முன்னால் பாண்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு இத்தாலி அம்மா இருக்கிறார். வயது தொண்ணூற்று நான்கு. மறதி நோய். மகனின் பெயர் நினைவில்லை. கணவர் செத்தது நினைவில்லை. தான் இருப்பது மெல்பேர்ன் என்பதும் நினைவில்லை. ஆனால் மத்தியானம் சூப்பை முன்னால் வைத்தால் வலது கை தானாக எழும்பும். விரல்கள் ஒட்டியபடி, முழங்கை மடியாமல், தோளுக்கு மேலே போகும். வாய் ஏதோ இரண்டு வரி முணுமுணுக்கும். பிறகு கையை இறக்கிவிட்டுச் சாப்பிடுவார்.

நான் அதைச் செபம் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பிடுவதற்கு முன் சிலர் சிலுவை போடுகிறார்கள், சிலர் கண்ணை மூடுகிறார்கள். இவர் கையைத் தூக்குகிறார். பதினொரு வருடம் இந்த வேலை செய்கிறேன். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டி விடுகிற எனக்கு யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று ஆராய நேரமில்லை.

மார்ச் மாதம் ஒரு கிரேக்கக் கிழவர் வந்து சேர்ந்தார். அவருக்குக் கால்தான் வேலை செய்யவில்லை. மூளை என்னுடையதைவிட நன்றாக வேலை செய்தது. அவருடைய சக்கர நாற்காலி நுழைய இடமிருந்தது ஜன்னலோர மேசையில் மட்டும். இத்தாலி அம்மாவுக்கு நேர் எதிரே.

முதல் நாளே கரண்டியால் மேசையில் அடித்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே மாதிரி உடைந்தவை. அதனால் அவர் பேசியதை எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.

"உது செபம் இல்லை, பிள்ளை. உது சலாம். ஆருக்கு எண்டு தெரியுமோ? உவையின்ர தலைவனுக்கு. அவன்தான் எங்கட நாட்டுக்குள்ள சண்டைக்கு ஆமியை விட்டவன்."

"அங்கிள், அவ ஒண்டும் தெரியாம செய்யிறா. சூப்பைக் குடியுங்கோ."

"அவவுக்குத் தெரியாது. அவவின்ர கைக்குத் தெரியும்."

இரண்டு வாரம் பொறுத்தார். ஒரு வியாழக்கிழமை அந்தக் கை எழும்பியதும் மேசையைப் பிடித்துத் தள்ளினார். சூப் இத்தாலி அம்மாவின் மடியில் கொட்டியது. நல்ல காலம், ஆறின சூப். அவர் அழவில்லை. ஈரப் பாவாடையைப் பார்த்துவிட்டு, தான் மூத்திரம் பெய்துவிட்டதாக நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கேதான் நான் செய்த மடத்தனம். இப்படி ஏதாவது நடந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு அறிக்கை போட வேண்டும். கணினியில் கட்டங்கள் இருக்கும்: விழுதல், காயம், மருந்து மறுத்தல், ஆக்கிரோஷம், வேறு. 'வேறு' என்று போட்டால் என்ன வேறு என்று விளக்கி எழுத வேண்டும். எனக்கு இன்னும் ஆறு பேரைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் 'ஆக்கிரோஷம்' என்று சரி போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

கிழவர் தெளிவானவர். மன்னிப்புக் கேட்டார், அவருடைய அறிக்கை அதோடு முடிந்தது. இத்தாலி அம்மாவுக்கு மறதி நோய். அவருடைய கோப்பில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் கை எழும்பியபோது இன்னொருத்தி என் அறிக்கையைப் பார்த்து அதே கட்டத்தில் சரி போட்டாள். பிறகு வார இறுதி ஆட்களும் போட்டார்கள். ஒருவரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. முதல் ஆள் போட்டதைப் பார்த்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

பொறுப்பு நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "இன்னும் இரண்டு வாரத்தில் அந்த அம்மாவுக்கு மீளாய்வு. அதற்குள் மறுபடியும் 'ஆக்கிரோஷம்' என்று அறிக்கை வந்தால் மேல்மாடிக்கு மாற்ற வேண்டும். அந்த மாதிரிக் கை காட்டுவதைத் தடை செய்து இப்போது சட்டமே வந்துவிட்டது, தெரியுமா?"

"தொண்ணூற்று நாலு வயதுக் கிழவியைப் பொலிஸ் வந்து பிடிக்கப்போகிறதா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மேல்மாடி என்றால் கதவுக்கு இலக்கப் பூட்டு. திறக்காத ஜன்னல். இத்தாலி அம்மாவுக்கு ஒரு நாளில் உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்று. சாப்பாடு முடிந்ததும் தோட்டத்துக்குப் போய் எலுமிச்சை மரத்தின் இலையைக் கசக்கி முகர்வார். அதற்காகவே நடக்கிறார். மேலே போனால் நடக்க ஒரு காரணம் இருக்காது. மேலே போனவர்கள் எத்தனை மாதத்தில் நடையை விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் அவர்களைத் தூக்குகிறவள். அந்த அம்மாவை மேலே தள்ளியது நான் போட்ட ஒரு சரி.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். அவரே எழுபதை நெருங்கியவர், கொங்கிரீட் வேலை செய்து முதுகு போனவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்தது. "எங்கட அப்பா உந்தக் கட்சிக்காரரைக் கண்டாத் துப்புவார். அம்மா இந்த நாட்டுக்கு வந்து ஒருநாளும் கையைத் தூக்கினதில்லை" என்றார். கொஞ்ச நேரம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

அம்மா மலைக் கிராமத்துப் பிள்ளை. எட்டு வயதில் ஓயாத இருமல். அந்தத் தலைவனின் கட்சிக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி ஒரு மாதம் கடற்கரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் இறைச்சி. கடலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாராம். சாப்பாட்டுக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று, கையை நீட்டி, பாண் தந்த, அதாவது பிரெட் தந்த தலைவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அந்தக் கடல் கதையை எங்களுக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறா. வாழ்க்கையில சந்தோசமான மாதம் எண்டு சொல்லுவா. கையைப் பற்றி மட்டும் சொன்னதில்லை" என்றார் மகன்.

போன வருடம் அவர் தாயின் ஊருக்குப் போயிருந்தாராம். பெற்றோல் நிலையத்துக் கடையில், சூயிங்கம்முக்குப் பக்கத்தில், அந்தத் தலைவன் படம் போட்ட கலண்டர் தொங்கியதாம். புது வருடத்துக் கலண்டர். இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கடைப் பெண்ணிடம் கேட்டாராம். தோளைக் குலுக்கினாளாம். "சுற்றுலா ஆட்கள் வாங்குகிறார்கள். சிலர் தாத்தாவுக்கு வாங்குகிறார்கள்."

என்னோடு வேலை செய்கிற திருச்சிப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். நாங்கள் படுக்கை விரித்துக்கொண்டிருந்தோம்.

"இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் யாருதான்க்கா ஓட்டுப் போட்டது?" என்றாள்.

"போட்ட சனமும் இருந்தது, கொஞ்சம். பதவி வோட்டால வரேல்ல. அவன்ர ஆக்கள் கறுப்புச் சட்டையோட தெருவில சனத்தை அடிச்சுக்கொண்டு திரிஞ்சவங்கள். அடக்கவேண்டிய ராசாவே பயந்து போய்க் கூப்பிட்டுப் பதவியைக் குடுத்தவர். மகன் சொன்னவர். பிறகுதான் சட்டத்தை மாத்தி வோட்டு வச்சவன்."

"அப்போ சனங்க சும்மாவா இருந்துச்சு?"

"சனத்துக்குக் கடல் காட்டினவன். நீ சும்மா இருக்கமாட்டியோ?"

"நான் கடல் பார்க்கிறதுக்கெல்லாம் கை தூக்க மாட்டேன்கா. திருச்செந்தூருக்கு பஸ் இருக்கு."

"கதைக்காதை. நான் தூக்கினனான்."

அவள் தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒரு மந்திரி வந்தார். நான் மூன்றாம் வகுப்பு. வெயிலில் தெரு ஓரமாக எங்களை வரிசையாக நிறுத்திக் கையில் கடதாசிக் கொடி தந்தார்கள். மூன்று மணி நேரம். கார் நிற்காமல் போனது. நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டு கொடியை ஆட்டினோம். பிறகு ஆளுக்கு ஒரு சீனிப் பணிஸ். அந்த அரசாங்கம் பிறகு எங்களுக்கு என்ன செய்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் ஏன் மெல்பேர்னில் இருக்கிறேன் என்று கேட்டால் அதுதான் பதில். ஆனால் அந்த மந்திரியின் முகம் எனக்கு நினைவில்லை. பணிஸின் மேலிருந்த சீனி நினைவிருக்கிறது.

"பன்னுக்கா கொடி ஆட்டுனீங்க?" என்றாள்.

"ஓம். பன்னுக்கு."

கிழவருக்குச் சவரம் செய்வது என் வேலை. அடுத்த நாள் கன்னத்தில் நுரை பூசும்போது கேட்டேன், மேசை மாறி இருப்பாரா என்று. மறுத்தார்.

"அங்கால போ, இங்கால போ எண்டு உவையின்ர ஆமி எங்களை எத்தினை தரம் கலைச்சது தெரியுமோ? இனி ஒருத்தரும் என்னை இடம் மாத்தேலாது."

பிறகு தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். ஆக்கிரமிப்பு நடந்த முதல் குளிர்காலம். ஊரில் சாப்பாடு இல்லை. அவருக்கு ஏழு வயது, தங்கச்சிக்கு நான்கு. அவளுடைய பங்கீட்டு அட்டைக்குப் பாண் வாங்கலாம் என்பதற்காக, அவள் செத்ததைத் தாய் சில நாள் யாருக்கும் சொல்லவில்லை. அந்தப் பாணில் அவரும் தின்றார். இதைச் சொன்னபோது அவர் குரல் மாறவில்லை. என் கைதான் நின்றது.

ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "அதுக்கு முதல் உங்கட நாட்டிலயும் ஒருத்தன் இருந்தவன்தானே, அங்கிள்? பாராளுமன்றத்தைப் பூட்டினவன் எண்டு அந்த அம்மாவின்ர மகன் சொன்னவர்."

"எங்கட ஆள் வேற. உவையின்ர ஆமி உள்ள வர வழி கேட்டபோது மாட்டன் எண்டு சொன்னவர். அந்த நாளை இப்பவும் கொண்டாடுறம். எங்கட சனம் இங்க மெல்பேர்னிலயும் ஊர்வலம் போகுது."

"மாட்டன் எண்டு சொல்லுறதுக்கு முதல், நாலு வருசம் என்ன செய்தவர்?"

கண்ணாடியில் என்னை முறைத்தார். "தீவுகளில ஆக்களை அடைச்சவர்."

"பிறகு?"

"அண்ணாவுக்கு நீலச் சீருடை குடுத்தவை. கிழமைக்கு ஒருக்கா காசில்லாமப் படம் பாக்கலாம். அண்ணாவும் கை நீட்டிச் சலாம் போடுவான்."

"நீங்கள்?"

"நான் சின்னன். எனக்குச் சீருடை இல்லை எண்டு அழுதனான்." நாடியை நிமிர்த்தினார். "நாடிக்குக் கீழ ஒழுங்காச் சிரை. அங்க மயிர் விட்டிருக்கிறாய்."

மீளாய்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதுவரை அவருக்கு நானே சூப் வைத்தேன், கை எழும்பியதற்கு அறிக்கை போடவில்லை. ஒரு நாள் குசினியில் அடுப்பு பழுதாகி, சூப் வரத் தாமதமானது. பாண் மட்டும் வந்தது. இத்தாலி அம்மா கதிரையில் இருந்து எழும்ப ஆரம்பித்தார். அவரை இருத்தி வைக்க ஒரு பாண் உருண்டையை எடுத்து வலது கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். பிறகு சூப் வந்தது. கை ஒரு அங்குலம் எழும்பியது, நின்றது. கையில் என்ன இருக்கிறது என்று அவர் குனிந்து பார்த்தார். வாய் அந்த இரண்டு வரியைச் சொன்னது. கை பாணைச் சூப்பில் தோய்த்து வாய்க்குள் வைத்தது.

எதிரே கிழவர் கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை.

அடுத்த நாளும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாளும். முதலில் பாண், வலது கையில். பிறகு சூப். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒருவருடைய பராமரிப்பு விவரத்தைச் சுவரில் ஒட்டக் கூடாது என்று பொறுப்பு நர்ஸ் கிழித்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். கோப்பில் புதிதாக ஒரு அறிக்கை எழுதினேன். இந்த முறை 'வேறு' என்ற கட்டத்தில், ஒரு பக்கம் முழுக்க, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அந்த 'ஆக்கிரோஷம்' நான் சோம்பலில் போட்டது, பிழை என்றும் எழுதினேன். பெரிய அறிக்கைகளை யார் வாசிக்கிறார்கள்?

மீளாய்வுக்கு முந்தைய இரண்டு நாளும் எனக்கு ஓய்வு. மாற்றித் தர ஒருவரும் இல்லை. கிரெய்கிபர்னில் வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்தேன். திருச்சிப் பெண்ணுக்கு மேல்மாடியில் வேலை. கீழே வருவது ஏஜென்சி அனுப்பும் புது ஆள். அந்த ஆளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

மூன்றாம் நாள் உள்ளே நுழைந்ததும் உடுப்பு மாற்றும் அறையில் திருச்சிப் பெண்ணைப் பிடித்தேன்.

"என்ன நடந்தது? சொல்லு."

"நான் தட்டு எடுக்கக் கீழே வந்தேனா, அப்பதான்கா. புதுப் பொண்ணு சூப்பைக் கொண்டுபோய் வெச்சா. பாட்டிக்குக் கை கிளம்பிருச்சு."

"ஐயோ."

"இருங்க. அந்தக் கிரேக்கத் தாத்தா போட்டாரு பாருங்க ஒரு சத்தம். 'பிரெட்! முதல்ல பிரெட், கழுதை! ரைட் ஹேண்ட்ல!' புதுப் பொண்ணு நடுங்கிப் போயிட்டா. அவ கூடையைத் தேடுறதுக்குள்ள இவரே தன்னோட பிரெட்டை எடுத்து..."

"குடுத்தவரோ?"

"குடுக்கல. எறிஞ்சாரு. கரெக்டா மடியில விழுந்துச்சு. பாட்டி அதைக் கையால எடுத்துட்டு, தேங்க்யூன்னு அவரைப் பார்த்துச் சிரிக்குது. மறுநாளும் அப்படித்தானாம்."

"அறிக்கை?"

"எதுக்கு அறிக்கை? பிரெட் விழுந்ததுக்கா?"

அன்று பின்னேரம் மீளாய்வு முடிந்தது. பொறுப்பு நர்ஸ் என் ஒரு பக்கத்தை வாசித்திருந்தார். இத்தாலி அம்மா கீழேயே இருப்பார் என்றார். என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் திருத்தியும் வைத்திருந்தார்.

அடுத்த நாள் சவரத்தின்போது கிழவருக்கு நன்றி சொன்னேன்.

"உவவுக்காகச் செய்யேல்ல. எனக்கு நிம்மதியாச் சூப் குடிக்கோணும்" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். அந்த இரண்டு வரி ஒவ்வொரு நாளும் அவர் காதில் விழுகிறது. விழும்போது அவர் தாடை இறுகுவதை நான் பார்க்கிறேன். வரி முடிந்ததும் இத்தாலி அம்மா நிமிர்ந்து, எதிரே இருப்பவரைப் புதிதாகக் கண்டதுபோல் சிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

"நீ கடலைப் பார்த்திருக்கிறாயா?"

"பாத்திருக்கிறன். உங்கட கப்பல்கள் அதிலதான் வந்தது."

"கப்பலா!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, பாணைத் தோய்த்துச் சாப்பிடுகிறார். சாப்பிட்டு முடிந்ததும் எலுமிச்சை மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.