சாமல்பட்டியில் நிற்காத மெயில்

அந்தப் போட்டோக்காரர் நொடிகளை எண்ணமாட்டார். கேமராவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மொரப்பூரில் தொடங்கி ரயில் ஸ்டேஷன்களின் பெயர்களை நிதானமாகச் சொல்லுவார். வெளிச்சம் நன்றாக இருந்தால் அடுத்த ஸ்டேஷனிலேயே மூடிவிடுவார். எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி நடந்ததோ தருமபுரியில் ஓர் இருட்டுக் கடலைக்காய்க் கிடங்கில். ஜோலார்பேட்டை வரை யாரும் அசையக்கூடாது என்றார். அவரிடம் மிச்சமிருந்தது படம் விழும் கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்று.

ஜெயித்த எங்கள் குழு தோள்மேல் தோளாக ஏறிக் கோபுரமாக நின்றது. நான் கோப்பையோடு ஓரத்தில் மண்டியிட்டிருந்தேன். அவர் மூடியைக் கழற்றி மொரப்பூரைத் தாண்டியதும், இருவரைச் சுமந்துகொண்டிருந்தவன் முனகினான்.

“ஐயா, நாங்க சாமல்பட்டியிலயே எறங்கிக்கறமுங்க!”

“இது மெயிலு தம்பி, அங்க நிக்காது,” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கோபுரம் சிரித்துக் குலுங்கியது.

படத்தில் எல்லோரும் புகையாகக் கலைந்திருந்தார்கள். என் முகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. “நீங்க ஒருத்தருதான் தம்பி சொன்னபடி இருந்தீங்க,” என்று தட்டிக்கொடுத்தார். பென்னாகரத்துப் பையனான நான் அதுவரை ரயிலே ஏறியதில்லை, அந்த ஜோக்கே புரியவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து மெயிலில் மதராஸ் போனேன். சாமல்பட்டியில் வண்டி நிற்காமல் பறந்தது. நான் தனியாக விழுந்து விழுந்து சிரித்தேன். எதிரே இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.