கணக்கு ரீச்சர் ஏறிய பஸ்

போன வெள்ளிக்கிழமை மகள் கணிதப் பேப்பரை நீட்டினாள். நாற்பத்தொன்று! சிரிக்காதீர்கள்… போன தவணை பதினேழு எடுத்த பிள்ளை. அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் ஏ.எல். வகுப்பில் கால் வைக்க முடியுமா? அந்தப் பதினேழு என் நித்திரையைக் கெடுத்திருந்தது.

அப்போது நான் செய்தது, எங்கள் தீவுப் பெற்றோர் எல்லோரும் செய்வதுதான். யாழ்ப்பாண நகரில் பெயர்போன ரியூசனில் சேர்த்துவிட்டேன். வேலணையில் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினால், வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும். வந்ததும் பிள்ளை சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுவாள்.

இதில் ஒரு சங்கடம் — அவளுடைய பள்ளிக்கூடக் கணக்கு ரீச்சரின் வீடும் நகரில்தான். அதே பஸ்! ரியூசன் போவதைக் கண்டால் மனம் நோகாதா? பின்வாசலால் ஏறித் தலையைக் குனிந்துகொண்டு இரு என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ஒருநாள் சரியான சனம். ரீச்சருக்குப் பக்கத்துச் சீற் மட்டும்தான் காலி. அவர் ரியூசன் கொப்பியை வாங்கிப் பார்த்திருக்கிறார். எல்லாக் கணக்கும் சரி… எல்லாமே பலகையைப் பார்த்து எழுதியவை. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னாராம். இவள் அழுதுவிட்டாள்.

அன்று மாலையே ரீச்சர் போன் எடுத்தார். ஒளித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"முதல் நாளே கண்டனான் அக்கா. பிள்ளை வெட்கப்படும் எண்டு யன்னலாலை பாத்துக்கொண்டு இருந்தனான். அவளுக்குப் பின்னம் விளங்கேல்லை, அதுதான் மற்றதொண்டும் ஏறுதில்லை. ரியூசனை விடுங்கோ. நான் காலமை ஒரு பஸ் முந்தி வாறன்."

சொன்னபடியே வந்தார். ஒரு தவணை முழுக்க, மழையிலும். ஆறாம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து தொடங்கினார்கள். சொந்த வீட்டில் அவருக்கும் சமையல் இருக்கும், பிள்ளைகள் இருக்கும். எங்களுக்காக ஏன் விடியமுன் எழும்ப வேண்டும்? நன்றி சொல்லப் போன எனக்குக் கண் கலங்கியதுதான் மிச்சம். அவரோ பேப்பரை வாங்கி, பிழைத்த கணக்குகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா மெல்ல வந்து, மகள் எந்த ரியூசன் என்று விசாரித்தார். எங்கள் பள்ளிக்கூடம்தான் என்றேன்.

சொல்ல விருப்பமில்லாமல் மறைக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்!