காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்கள்

எனக்குத் தக்கலைக்கு மாற்றல் வந்தபோது நாங்கள் நாகர்கோவிலில் குடியிருந்தோம். நானும் மனைவியும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவளுக்கும் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி சாமான் ஏற்ற வந்தான். பாத்திரமும் பாயும் காருக்குள் அடங்கிவிட்டன. மிஞ்சியவை எங்கள் சைக்கிள்கள்: என்னுடைய பழையது ஒன்று, குறுக்குக் கம்பி இல்லாத அவளுடைய புதியது ஒன்று.

காரின் பின்புறம் பெட்டி வைப்பதற்கு ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதில் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, நடுவில் சாக்கை மடித்து வைத்து, சக்கரங்கள் சுழலாதபடி கயிற்றால் கட்டினோம். மனைவி ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடுகு மக்கா. இன்னும் வலிச்சுக் கெட்டு."

"இதுக்கு மேல வலிச்சா கயறு அந்து போவும், அக்கா" என்றான் தம்பி.

வில்லுக்குறி தாண்டியதும் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் கையைக் காட்டிக் கத்தினார். இறங்கிப் பார்த்தோம். சாக்கு எங்கோ விழுந்துவிட்டது. பெடல் உரசி உரசிக் கயிறு அறுந்து, அவளுடைய சைக்கிளின் முன்சக்கரம் ரோட்டைத் தொடும் அளவுக்குத் தொங்கியது.

மிச்சக் கயிறு ஒரு சைக்கிளைக் கட்டத்தான் போதும். என்னுடையதை இறுக்கிக் கட்டினோம்.

"மத்தத இங்கன ஒரு வீட்டுல ஏல்ப்பிச்சுட்டுப் போவோம், அத்தான்" என்றான்.

அவள் தன் சைக்கிளை நிமிர்த்திச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். கோணல் இல்லை.

"நான் சவுட்டிட்டு வாறேன். நீங்க பொறத்தால வாருங்க."

பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓட்டிப் பழகியதோடு சரி, ரோட்டில் அவள் ஓட்டியதே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

கார் மெதுவாகப் பின்தொடர்ந்தது. வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். "ஏட்டி, ஓடி வந்து பாரு!" என்று ஒருத்தி கூவினாள். நான் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் வந்தபோது சீட்டின் நுனிக்கே வந்துவிட்டேன். அவள் ஓரமாக ஒதுங்கி, இறங்காமலே போய்விட்டாள். அப்புறம்தான் நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

தக்கலையில் வீட்டு வாசலில் அவள் இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்ததும் சிரித்தாள்.

"இனி பள்ளிக்கூடம் போவ பஸ்சுக்குக் காத்து நிக்காண்டாம்."

திங்கட்கிழமை சைக்கிளிலேயே போனாள். நான் தெருமுனை வரை கூட நடந்தேன். அதற்குப் பிறகு அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.