தண்டவாளத்தில் போன ஒரு வருஷம்

எமர்ஜென்சி சமயத்தில் ஆம்பூரில் நான் ஓர் உளவாளிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு ரயில் பயணம் முழுக்க நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தாகிவிட்டது. கோபம்தான் இன்னும் தீரவில்லை.

அப்போது நான் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. ரேடியோ பைத்தியம். சிற்றலையில் வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, சைக்கிள் கடை மாடியில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே யாரும் பாட்டு, செய்தி என்று பேசவில்லை. ஒருவர் "நாலு நாலு மூணு நாலு மூணு" என்பார். மற்றவர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுகூடத் தெரியாம இன்னாத்துக்குப்பா வந்தே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறும் கேட்டேன், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். போகப் போகத் தெரியும் என்றார்கள். டீ வாங்கி வருவதற்கு மட்டும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நான்காவது வாரம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஜோலார்பேட்டையில் கால் ஒடிந்து படுத்திருந்த ஓர் உறுப்பினரிடம் சேர்க்கச் சொன்னார்கள். ரயில்வேயில் வேலை பார்ப்பவர், நான் பார்த்ததில்லை. பாசஞ்சரில் சும்மா இருக்காமல் நோட்டைப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், மாஸ்கோ, பீக்கிங். எதிரே ஐந்தைந்து எண்கள். இது உளவாளிகளின் ரகசிய எழுத்தேதான் என்று முடிவுகட்டினேன். வாணியம்பாடியில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறியதும் கக்கூஸுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். ஒவ்வொரு தாளாகக் கிழித்துத் தண்டவாளத்தில் விட்டேன். அட்டை மட்டும் ஓட்டைக்குள் போக மறுத்தது, மிதித்து அனுப்பினேன். வெளியே வந்தால், போலீஸ்காரர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, "இன்னா சார், வயிறு பேஜாரா?" என்றார்.

ஜோலார்பேட்டையில் அந்த மனிதர் மாவுக்கட்டுக் காலோடு எழுந்து உட்கார்ந்து, நோட்டுக்குக் கை நீட்டினார். நான் உளறியதை முழுக்கக் கேட்டார். பிறகு அரை நிமிஷத்தில் விளக்கினார். சத்தம் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, மொத்தத்தில் எப்படி என்று ஐந்து விஷயங்களில் ஒலிபரப்புக்கு நேயர் போடும் மார்க் அது. ஒவ்வொன்றும் ஐந்துக்கு. அவ்வளவுதான். ஒரு வருஷம் விடாமல் குறித்து அனுப்பினால் ஒரு வெளிநாட்டு நிலையம் சான்றிதழ் தருமாம். அதற்காகத்தான் சங்கத்தில் கையெழுத்து வாங்கிவர, ஒரு வருஷமாகக் குறித்த தன் நோட்டை அனுப்பியிருந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார்.

"மூணு வாரம் கேட்டேன் சார்" என்றேன்.

அவர் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விவரம் தெரியாத ஆள் என்று சங்கத்திலிருந்து என்னை நீக்கினார்கள். விவரம் தெரியாமலே வைத்திருந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு பேர் தங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி பேசி, புதிதாக வந்தவன் முழிப்பதை வேடிக்கை பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று சிரித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத அந்த மனிதருக்குத்தான் சான்றிதழ் வரவில்லை.