டைகரும் என் பச்சைக் கரை வேட்டியும்

மொட்டைக் கடுதாசி போடவும் ஒரு திறமை வேண்டும். அது எனக்கு இல்லை என்பது போன மாதம் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், என் பால்கனிக்கு நேர் எதிரே ராவ் வீட்டு மொட்டை மாடி. அங்கே தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் அவர்கள் நாயைக் கட்டியிருப்பார்கள். பெயர்தான் டைகர். விலா எலும்பை எண்ணிவிடலாம். சங்கிலி இரண்டு முழம் இருந்தால் அதிகம். வெயில் ஏற ஏற தொட்டியின் நிழல் நகர்ந்துபோகும். டைகரால் நகர முடியாது. நிழலுக்கும் அதன் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் — அந்த ஒரு சாண்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். ராவுக்கு மீசை பெரிது. அதைவிடக் குரல் பெரிது. காலனிக் கமிட்டியில் வேறு இருக்கிறார். எங்கள் பிளாக் தண்ணீர் வால்வு அவர் கையில்... புரிகிறதல்லவா?

சங்கிலி அறுத்துக் கழுத்தில் புண் ஆனதைப் பார்த்த அன்று தாங்கவில்லை. பிராணிகளுக்காக ஓடியாடும் ஒரு தன்னார்வக் குழுவின் வாட்ஸ்அப் நம்பரைத் தேடிப் பிடித்தேன். பால்கனியிலிருந்து படம் எடுத்தேன். என் பெயர்? ‘ஒரு நலம்விரும்பி’. நம்பர் தெரிந்துவிடக்கூடாதே என்று டிராயரில் தூங்கிய பழைய சிம்மை எழுப்பி, அதிலிருந்து அனுப்பினேன். உளவுத்துறைகூட இவ்வளவு மெனக்கெட்டிருக்காது.

மறுநாளே குழுவிலிருந்து ஃபாத்திமா என்ற பெண் வந்துவிட்டார். ராவ் வீட்டு வாசலில் நின்று ஃபாத்திமா தன் போனை ராவிடம் காட்டியதை நான் திரைச்சீலை மறைவில் பார்த்துக்கொண்டிருந்தேன். ராவ் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி — நேராக என் பால்கனியைப் பார்த்தார்.

என் போனில் அந்தப் படத்தைத் திறந்தேன். டைகரை மறைக்காத குறையாக, முன்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது என் வேட்டி. லுங்கியும் ஷார்ட்ஸும் காயும் எங்கள் தெருவில், பச்சைக் கரை எட்டு முழம் காயும் வீடு ஒன்றே ஒன்றுதான்.

எட்டிப் பார்த்த மனைவி, “வேட்டியே கையெழுத்து போட்டிருக்கு. பேரு வேற தனியா எதுக்குங்க?” என்றாள்.

காலிங் பெல். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, குளிப்பதாகப் பாவனை செய்தேன். அவர் காலையிலேயே குளித்தாயிற்று, இதோ வருவார் என்று கணீரென்ற தெலுங்கில் காட்டிக்கொடுத்தாள் மனைவி.

ஹாலில் ராவ். பக்கத்தில் ஃபாத்திமா. தண்ணீர் வால்வுக்கு மானசீகமாக விடைகொடுத்தேன்.

“நாக்கே செப்பொச்சு கதா சார்,” என்றார் ராவ். என்னிடமே சொல்லியிருக்கலாமே என்கிறார். அந்தப் பெரிய குரலைக் காணோம். அடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு, “நாகு குக்கலண்டே பயம் சார்.”

நாய் என்றால் பயமாம்... அவருக்கு! மகன் ஆசையாக வளர்த்தது. அவன் வேலை கிடைத்து புனே போய்விட்டான். அவிழ்த்தால் மேலே பாயுமோ என்று, ராவ் சோற்றுத் தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவாராம். அதில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால், அன்றைக்கு அவ்வளவுதான். இதை வெளியே சொன்னால் மீசை என்னாவது?

ஃபாத்திமா வழி சொன்னார். புண்ணுக்கு டாக்டர். சங்கிலிக்குப் பதில் மார்பில் மாட்டும் பட்டை. படிக்கட்டுக்கு அடியில் நிழலான இடம். தினமும் நடை. இல்லாவிட்டால் நாயைக் கொண்டுபோக ஏற்பாடு செய்வேன் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், விளையாட்டாகச் சொல்லவில்லை. தனியாக நடத்திப் போகத் தைரியம் இல்லை, துணைக்கு யாராவது... என்று ராவ் இழுக்க, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கும் நாய் என்றால் கிலி என்பதை அப்போது யாரிடம் சொல்ல?

“டரோ நக்கோ அங்கிள்,” என்றார் ஃபாத்திமா. பயப்படாதீர்களாம். சொல்வது சுலபம்.

இப்போது தினமும் காலையில் எங்கள் தெருவில் ஒரு ஊர்வலம். முன்னே டைகர். கயிற்றைப் பிடித்தபடி ராவ். ராவின் சட்டையைப் பிடித்தபடி நான். டைகர் எங்களைக் கண்டால் பாயத்தான் செய்கிறது — நக்குவதற்கு. புண் ஆறிய இடத்தில் முடி முளைக்கிறது. நேற்று ராவ் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதன் காதைச் சொறிந்துவிட்டார். நான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டேன்.

ராவுக்கு நாயிடம் பயம். எனக்கு ராவிடம் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே வெயிலில் கிடந்தது ஒரு வாயில்லா ஜீவன்.

உங்கள் தெருவிலும் ஒரு டைகர் இருந்தால், தயங்காமல் சொல்லிவிடுங்கள். படம் எடுக்கும் முன் கொடியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.