குழி விழுந்த தகடு

திருவண்ணாமலையில் எங்கள் ரைஃபிள் கிளப்பின் பயிற்சியாளர் அவர். முன்னாள் ராணுவ வீரர். இஸ்திரி கலையாத சட்டை. தினமும் காலையில் இலக்குத் தகடுகளை விரலால் தடவிப் பார்ப்பார்.

"இது சாதா இரும்பு சார், குழி விழுந்துடுச்சு. குண்டு பட்டா சில்லு நம்ம மேலயே திரும்பும். கெட்டியான எஃகு வாங்கிடுங்க," என்றார் ஒருநாள்.

"விலை ஜாஸ்திங்க. இந்த வருஷம் இதையே ஓட்டுவோம்," என்றேன், செயலாளரான நான்.

அடுத்த வாரமே ஒரு சில்லு, பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரமாக நுழைந்து, அவருடைய வலக் கண்ணைப் பறித்தது.

ஆஸ்பத்திரியில், "இப்பவாவது தகட்டை மாத்துங்க சார். பிள்ளைங்க சுடுறாங்க," என்றார்.

மாற்றினோம். ஒரு கண் பார்வை போனவர் பயிற்சி தரக்கூடாது என்று கமிட்டி அவரையும் நீக்கியது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். படித்து முடித்தவர், "சரிங்க சார்," என்று மட்டும் சொன்னார். என்னை ஏன் திட்டவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.