பச்சை டிக்

நான் செய்த தவற்றுக்கு லதா வேலை இழந்தாள். பாக்கார் ஆராங்கில் நாங்கள் வேலை பார்த்த திருமண வீடியோ கடையில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி மெதுவாக இயங்கியது. வீடியோவை வன்வட்டில் எழுதி முடிக்கும் முன்பே 'முடிந்தது' என்று பச்சை டிக் காட்டும்படி அதை மாற்றினேன். வேகம் கூடியது, முதலாளி பாராட்டினார்.

ஒரு மாலை இடி மழையில் மின்சாரம் போனது. வட்டில் இன்னும் எழுதப்படாத ஒரு கல்யாண வீடியோ முழுவதும் அழிந்தது. "லதா வீடியோவ சரியா ஏத்தல பாஸ்," என்றேன்.

பல வருடங்கள் கழித்து, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, புக்கிட் செலம்பாவிலுள்ள லதாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"டிக்க பாத்துட்டுதான் கேமரா கார்ட அழிச்சேன் அண்ணே. அப்புறம் சரியா பாத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பரவால்ல லா."

நான் விடைபெற்றுக் காரில் ஏறியதும், வெளிக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் வந்து பார்த்தாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன்.